அகலமுனைப் பேனையும் எழுத்தின் வடிவமும்

எழுத்தழகைத் தனிமனிதக் கைத்திறனாக மட்டும் காண்பது பொருந்தாது. கருவியும் அதனை நிர்ணயிக்கின்றது. 19ஆம் நூற்றாண்டிற் பேர்மிங்ஹாம் ஆலைகள் பெருந்தொகையாக உற்பத்திசெய்த உருக்குக் கூர்முனைகள் வர்த்தக அலுவலக எழுதுவினைஞரின் கருவியாயின. கூர்முனையிற் கோட்டின் தடிப்பு அழுத்தத்தாற் பிறப்பது. அகலமுனையிலோ முனையைப் பிடிக்கும் கோணத்தாற் பிறப்பது. மத்தியகாலக் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்து இதனை விளக்கிய எட்வேட் ஜோன்ஸ்ரன், வில்லியம் மொறிஸ் வழிவந்த கைவினை இயக்கத்தைச் சார்ந்தவர். 1899 முதல் இலண்டனிற் கற்பித்தவர்.

அகலமுனைகளுள் நேர்வெட்டு வலக்கையாளருக்கும், சரிவெட்டுப் பெரும்பாலும் இடக்கையாளருக்கும் ஏற்றது. ஜோன்ஸ்ரனின் அடிப்படை எழுத்தில் முனையின் கோணம் ஏறக்குறைய 30 பாகை. சிற்றெழுத்தின் உயரம் முனையகலத்தின் சுமார் 4 மடங்கு. எனவே எழுத்தின் அளவே முனையைத் தெரிவுசெய்யும் அளவுகோல், பேனையின் விலையன்று. பயில்வோர் அகலம் கூடிய முனையுடன் தொடங்குதல் நன்று. அதிற் கோணப்பிழை மறையாது. தன் கருவியின் இயல்பை அறிந்தவனே தன் உழைப்பை ஆளுகின்றான்.