மர்ஸா: கப்பல் நிலைகொள்ளும் இடம்

கப்பல் வந்து நிற்பதைக் கரை சேர்தல், துறை சேர்தல், நங்கூரம் பாய்ச்சுதல் என்று தமிழில் பலவாறு சொல்கிறோம். அரபியில் இதற்கு வழங்கும் வினைச்சொல் 'ரஸா'. கப்பல் நிற்கும் இடம் 'மர்ஸா'. அதைப் பிடித்து நிறுத்தும் நங்கூரம் 'மிர்ஸாத்'.

'ரஸா' என்பதன் அடிப்படைப் பொருள் அசையாமல் உறுதியாக நிலைகொள்வது. அதனால்தான் திருக்குர்ஆன் மலைகளை 'ரவாஸி' என்கிறது. நபி சுலைமான் (அலை) அவர்களுக்காகச் செய்யப்பட்ட, இடம்விட்டு நகராத பெரிய சமையல் பாத்திரங்களுக்கும் இதே வேரிலிருந்து வந்த 'ராஸியாத்' என்ற சொல்லே வருகிறது (34:13).

கப்பலோடு சேர்ந்து இச்சொல் வருவது ஹூத் அத்தியாயத்தில் (11:41). நபி நூஹ் (அலை) அவர்கள் தம் மக்களைக் கப்பலில் ஏறச் சொல்லும்போது, அது ஓடுவதும் நிலைகொள்வதும் அல்லாஹ்வின் பெயராலேயே என்கிறார்கள். ஓடுவதற்கு 'மஜ்ரா', நிலைகொள்வதற்கு 'முர்ஸா'. நம் வீடுகளில் உள்ள ஹஃப்ஸ் ஓதல் முறைப்படியான குர்ஆன் பிரதிகளில், முதல் சொல்லை 'மஜ்ராஹா' என்று ஓதாமல் 'மஜ்ரேஹா' என்று சாய்த்து ஓத வேண்டும். அந்த ஓதல் முறையில் இப்படிச் சாய்த்து ஓதும் இடம் இது ஒன்றுதான். பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும்போது இதைக் கவனிப்பது நல்லது.

இரு சொற்களுக்கும் இலக்கணத்தில் ஒரு வேறுபாடு உண்டு. 'மஜ்ரா' என்பது 'ஓடியது' என்ற வினையிலிருந்து வந்தது. 'முர்ஸா' என்பதோ 'நிலைகொள்ளச் செய்தான்' என்ற வினையிலிருந்து வந்தது. கப்பல் ஓடுகிறது, ஆனால் அதைக் கரையில் நிலைகொள்ளச் செய்பவன் ஒருவன் இருக்கிறான். பயணம் தொடங்கும் முன்பே அதன் முடிவும் அவனிடம் ஒப்படைக்கப்படுகிறது.

அடுத்த வசனங்களைப் பாருங்கள். நபியவர்களின் மகன் மலை தன்னைக் காக்கும் என்று நம்பினான், மூழ்கிப்போனான். உறுதிக்கு உவமையான மலை அவனைக் காக்கவில்லை. அலைகளில் தத்தளித்த கப்பலோ ஜூதி மலைமீது தங்கியது.

மறுமை நாள் எப்போது என்று மக்கள் கேட்டதைச் சொல்லும் இடங்களிலும் (7:187, 79:42) 'முர்ஸா' என்ற சொல்தான் உள்ளது. மொழிபெயர்ப்புகளில் 'எப்போது ஏற்படும்' என்று நாம் படிக்கிறோம். மூலச் சொல்லிலோ ஒரு கப்பல் வந்து நிலைகொள்வதன் சாயல் இருக்கிறது.

அரபு மாலுமிகள் சென்ற கரைகளிலெல்லாம் இச்சொல் தங்கிவிட்டது. எகிப்தின் மர்ஸா மத்ரூஹ், அல்ஜீரியாவின் மர்ஸல் கபீர், மால்டாவின் மர்ஸாஷ்லொக் ஆகிய ஊர்ப்பெயர்களில் அதைக் காணலாம். இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள மர்ஸாலாவின் முதற்பகுதியும் இதுவே.

இன்றைய அரபியில் ஏலமோ டெண்டரோ ஒருவருக்கு முடிவாகிவிட்டால், அது அவர்மீது 'ரஸா' ஆனது என்பார்கள். வளைகுடாவில் பணிபுரியும் நம் சகோதரர்கள் செய்தித்தாள்களில் இதைப் பார்த்திருக்கலாம்.

வாகனம் ஏறும்போது இவ்வசனத்தை ஓதும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. புறப்படுவதற்காக மட்டுமல்ல, பத்திரமாகப் போய்ச் சேர்வதற்கும் சேர்த்தே ஓதுகிறோம் என்பதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்போம்.