அடுக்கும் மறைப்பும்

கடற்கரையில் நின்று படம் எடுத்தவர் எவரும் அறிந்த தொல்லை ஒன்று உண்டு. அலைகள் தெளிவாகத் துலங்கும்படி காமிராவை அமைத்தால் வானம் வெளுத்து மேகங்கள் மறைந்துபோகின்றன. மேகங்கள் பதியும்படி அமைத்தாலோ கடல் இருண்டுவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தொல்லை இன்னும் கடுமையாக இருந்தது. ஏனெனில் அக்காலத்துக் கொலோடியன் தட்டுகள் நீல ஒளியை மிகையாகவும் ஏனைய நிறங்களை மிகக் குறைவாகவுமே ஏற்பவை. பிரான்ஸ் தேசத்துப் புகைப்படக் கலைஞரான குஸ்தாவ் லெ கிரே 1856, 1857-ஆம் ஆண்டுகளில் இதற்கு ஓர் உபாயத்தைக் கையாண்டார். கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு நெகடிவ்களைத் தனித்தனியே எடுத்துக்கொண்டு, அச்சிடுகையில் வானத்துக்குரிய இடத்தை ஒளி படாமல் மூடிக் கடலை மட்டும் காகிதத்தில் பதித்து, பின்பு கடலை மூடி வானத்தைப் பதித்து, இரண்டையும் தொடுவானக் கோட்டில் இணைத்தார். சேத் நகரத்துக் கடலில் எழும் பேரலையைக் காட்டும் அவருடைய பிரசித்தமான படம் இவ்விதம் உருவானதே. தமக்கு உகந்த ஒரே வானத்தை வெவ்வேறு கடல்களின்மேல் அவர் பொருத்தியதும் உண்டு.

இன்று ஃபோட்டோஷாப், கிம்ப் முதலிய படத்திருத்த மென்பொருள்களில் லேயர் என வழங்கும் அடுக்கும், மாஸ்க் என வழங்கும் மறைப்பும் லெ கிரே அச்சிடுகையில் செய்த அதே காரியத்தைத்தான் எண்களைக் கொண்டு செய்கின்றன. அவருடைய இரு தட்டுகளும் இரண்டு அடுக்குகள். ஒளியைத் தடுக்க அவர் இட்ட மூடியே மறைப்பு. ஆனால் அவருக்கு ஒருமுறை காகிதத்தில் பதிந்தது பதிந்ததே; கம்ப்யூட்டரிலோ எந்த முடிவையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பேதத்தின் அருமையை உணர்ந்தவரே இவ்விரு சாதனங்களையும் சரிவரப் பயன்படுத்துவார் என்பது என் அபிப்பிராயம்.

அடுக்கைப் புரிந்துகொள்வதில் கஷ்டம் ஒன்றுமில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கப்பட்ட பல படங்களை மேலிருந்து பார்க்கிறோம். மேலே உள்ளது கீழே உள்ளதை மறைக்கிறது. மேலதன் ஒளிபுகாத்தன்மையைக் குறைத்தால் கீழது அதன் வழியே தெரிகிறது. அடுக்குகள் கலக்கும் முறையையும் நாமே தேர்ந்தெடுக்கலாம்: உதாரணமாகப் பெருக்கல் முறையில், 200 என்னும் பிரகாசமும் 100 என்னும் பிரகாசமும் சந்திக்கும் இடத்தில், அவற்றைப் பெருக்கி 255-ஆல் வகுத்துவரும் 78 என்ற இருண்ட சாயல் கிடைக்கிறது. நிழல்களைச் சேர்க்க இது மிகவும் ஏற்றது.

மறைப்புத்தான் நிதானித்துக் கவனிக்க வேண்டியது. அது அடுக்கோடு ஒட்டிய மற்றொரு படம். ஆனால் வர்ணம் எதுவும் இல்லாமல் கறுப்பு, வெள்ளை, அவற்றுக்கு இடைப்பட்ட சாம்பல் ஆகியவற்றால் மட்டும் ஆனது. அதில் வெள்ளையான இடத்தில் அடுக்கு முழுவதும் தெரியும். கறுப்பான இடத்தில் அறவே தெரியாது. சாம்பலான இடத்தில் அச்சாம்பலின் அளவுக்கு ஏற்பப் பாதியோ காலோ தெரியும். வாய்க்கால் மடையின் பலகையை முழுவதும் தூக்கினால் நீர் பெருகுவதையும், இறக்கினால் நிற்பதையும், சிறிது தூக்கினால் அளவாகக் கசிவதையும் ஒத்தது இது. ஆனால் இங்கே படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே ஒரு மடை இருக்கிறது. கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் கொண்டால், சாதாரண 8 பிட் மறைப்பில் ஒவ்வொரு புள்ளியும் 256 நிலைகளுள் ஒன்றில் நிற்கும். மேலடுக்கில் 200, கீழடுக்கில் 100, மறைப்பில் 128 என்று இருந்தால், இரண்டும் ஏறக்குறையப் பாதிப்பாதியாகச் சேர்ந்து 150 என்ற பிரகாசம் நம் கண்ணுக்குப் புலனாகிறது.

கறுப்பும் வெள்ளையும் போதாவா, இத்தனை சாம்பல் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். விரித்த கூந்தலோடு நிற்கும் ஒரு பெண்ணின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூந்தல் ஓரத்தில் உள்ள பல புள்ளிகளில் முடியும் பின்னணியும் கலந்தே பதிந்திருக்கும். அப்புள்ளியை முடி என்று தீர்மானித்தாலும் பிழை, பின்னணி என்று தீர்மானித்தாலும் பிழை. இந்த நுட்பத்தை உணர்ந்தே 1977-ஆம் ஆண்டில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்முல்லும், ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு, அது எவ்வளவு மறைக்கும் என்பதைக் குறிக்கும் நான்காவது எண்ணொன்றையும் சேர்த்து வைத்தனர். ஆல்ஃபா என்று பெயர் பெற்றது அதுவே. 1984-இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்னும் இருவர், அவ்வாறான படங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் கணித விதிகளைத் திருத்தமாக வகுத்து வெளியிட்டனர். 1990-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பில் தொடக்கத்தில் அடுக்குகளே கிடையா. 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அவை இடம்பெற்றன. அதுவரை ஒட்டிய துண்டைத் தேர்விலிருந்து விடுவித்த மாத்திரத்தில் அது அடிப்படத்தோடு ஐக்கியமாகிவிடும். மறுநாள் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை.

புதிதாகப் பயில்வோர் வேண்டாத பகுதியைக் கண்டதும் அழிப்பானைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். அதைத் தொடாமலிருப்பதே நலம். அழித்த புள்ளிகள் கோப்பைச் சேமித்து மூடியபின் திரும்பி வாரா; மறைப்பில் கறுப்புத் தீட்டி மறைத்தவையோ அதே இடத்தில் வெள்ளை தீட்டியவுடன் பழுதின்றி மீளும். ஓர் இழை கூடுதலாக மறைந்துவிட்டதென்று ஆறு மாதத்துக்குப் பின் தோன்றினாலும் திருத்திக்கொள்ளலாம்.

1996 முதல் ஃபோட்டோஷாப்பில் வழக்கிலுள்ள சரிசெய் அடுக்கு என்பது இன்னும் விசேஷமானது. அதில் படமே இல்லை. கீழே உள்ளதை இருட்டுக, வெளிச்சமாக்குக, நிறத்தை மாற்றுக என்ற கட்டளை மட்டுமே உண்டு. அக்கட்டளைக்கு ஒரு மறைப்பை இணைத்து, மேலே வெள்ளையாகத் தொடங்கித் தொடுவானத்தருகே மெல்லமெல்லக் கறுப்பில் முடியும் சாயலை அதில் இட்டால், வானம் மட்டும் செறிவு பெற்றுக் கடல் இருந்தவாறே இருக்கும். படத்தின் பிரகாசத்தையே பிரதி எடுத்து மறைப்பாக வைத்தாலோ, வெளிச்சமான இடங்கள் மட்டும் திருத்தத்துக்கு ஆளாகி நிழல்கள் தீண்டப்படாமல் நிற்கும். கையால் எத்தனை நேரம் தீட்டினாலும் இத்தகைய இயல்பான ஓரங்கள் அமைவது அரிது.

இக்காலத்து மென்பொருள்கள் படத்திலுள்ள ஆளை இனங்கண்டு மறைப்பைத் தாமே வரைந்து தருகின்றன. அதனால் உழைப்பு மிகவும் குறைகிறது என்பது மெய்யே. ஆயினும் கூந்தல் ஓரத்தையும் மெல்லிய மேலாடையின் விளிம்பையும் மென்மையான தூரிகையால் நாமே பார்த்துச் செப்பனிடாவிட்டால், ஆள் கத்தரித்து ஒட்டப்பட்டவராகவே தோன்றுவார்.

இவ்வளவு வசதிக்கும் விலை உண்டு. 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் கொண்ட படத்தின் 8 பிட் அடுக்கு ஒன்று, சுருக்காத நிலையில், மூன்று நிற எண்களுக்கு மட்டும் 7 கோடியே 20 லட்சம் பைட்டுகள் கொள்கிறது. அதன் மறைப்புக்கு மேலும் 2 கோடியே 40 லட்சம் வேண்டும். ஜேபெக் கோப்போ அடுக்குகளையும் மறைப்புகளையும் ஏற்காமல் எல்லாவற்றையும் ஒரே தளமாக்கிவிடுகிறது. ஆகையால் பிறருக்கு அனுப்புவதற்கு ஒரு ஜேபெக் பிரதி எடுத்துக்கொண்டு, அடுக்குகளோடு கூடிய மூலத்தை ஃபோட்டோஷாப்பானால் பிஎஸ்டி வடிவிலும், கிம்பானால் எக்ஸ்சிஎஃப் வடிவிலும் தனியே சேமித்து வையுங்கள்.