பதிமூன்று வருஷம் கழித்து

பார்க்குபைன் ட்ரீ என்ற ராக் குழுவுக்குத் தொடக்கத்தில் குழு என்று ஒன்றே கிடையாது. 1987இல் இங்கிலாந்தின் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட்டில் ஸ்டீவன் வில்சன் என்ற இளைஞர் வீட்டில் தனியாக வாசித்துப் பதிந்தார். எழுபதுகளின் மறக்கப்பட்ட குழு ஒன்றின் பாட்டு என்று ஒரு கதையையும் கட்டிவிட்டார். விளையாட்டாகத் தொடங்கியது வளர்ந்து, ரிச்சர்ட் பார்பியேரி கீபோர்டுக்கும் காலின் எட்வின் பாஸுக்கும் வந்தார்கள். 2002இல் டிரம்ஸுக்குக் காவின் ஹாரிசன் வந்தார்.

ஆள் சேர்ந்த பிறகும் பாட்டு பிறந்தது பெரும்பாலும் வில்சன் வீட்டில்தான். அவர் கிட்டாரை வைத்துக்கொண்டு எழுதி, டெமோ பதிந்து கொண்டுவருவார். மற்றவர்கள் அதில் தங்கள் பங்கைச் சேர்ப்பார்கள். ஆல்பம், ஊர் ஊராகக் கச்சேரி, மறுபடி ஆல்பம் என்று ஓட்டம் நிற்கவில்லை. 2009இல் வந்த 'தி இன்ஸிடென்ட்' அந்த ஓட்டத்தின் கடைசி. 55 நிமிஷம் நீளும் ஒரே படைப்பு, பதினான்கு துண்டுகளாக. நல்ல இடங்கள் உண்டு, ஆனாலும் எனக்கு அதில் அசதிதான் அதிகம் கேட்கிறது. 2010 அக்டோபரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்ததோடு குழு சத்தமில்லாமல் ஓய்ந்தது.

வில்சன் தன் பெயரிலேயே ஆல்பங்கள் போட்டார். கிங் கிரிம்ஸன், ஜெத்ரோ டல் போன்ற குழுக்களின் பழைய பதிவுகளை மறுகலவை செய்து அதிலும் பேர் வாங்கினார். ஹாரிசன் அதே கிங் கிரிம்ஸனில், மேடையின் முன்வரிசையில் உட்கார்ந்த மூன்று டிரம்மர்களில் ஒருவரானார். 'குழு மறுபடி சேருமா' என்று கேட்டவர்களுக்கு வில்சன் பிடிகொடுக்கவே இல்லை. ஆனால் அத்தனை நாளும் குழுவின் புதுப் பாட்டுகள் 'பி.டி. 2012' என்ற பெயரில் ஒரு கணினிக் கோப்பில் இருந்திருக்கின்றன. வருஷம் போகப் போக அந்தக் கோப்பின் பெயர் 2015, 2018 என்று மாறியதே தவிர, வெளியே யாருக்கும் தெரியாது. எதையும் மறைக்க முடியாத இந்தக் காலத்தில் இது சாதாரண சாமர்த்தியமா!

2022 ஜூனில் 'க்ளோஷர்/கன்டினியூவேஷன்' என்ற ஆல்பமாக அது வெளியே வந்தது. ஏழு பாட்டு, ஐம்பது நிமிஷத்துக்கும் குறைவு. அன்று தனியறையில் பிறந்த பாட்டு இன்று இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்த இடத்தில் பிறந்திருக்கிறது. ஹாரிசன் வீட்டில் இருவரும் சும்மா வாசிக்க உட்கார்ந்தபோது வில்சன் கையில் எடுத்தது கிட்டாரை அல்ல, பாஸை. அதனால்தான் முதல் பாட்டான 'ஹாரிடன்' பாஸின் முறுக்கிலேயே கிளம்புகிறது. டிரம்ஸ் அதன் பின்னால் போகவில்லை, மல்லுக்கு நிற்கிறது. கிட்டார் வந்து சேரும்போது பாதி வேலை முடிந்திருக்கிறது. 'ஆஃப் தி நியூ டே' மேலோட்டமாகக் கேட்டால் தாலாட்டு மாதிரி மெதுவான பாட்டு. கையில் தாளம் போட்டுப் பாருங்கள், சுற்றுக்குச் சுற்று அளவு மாறி விரல் தடுமாறும். பாடும் குரலோ ஒன்றுமே நடக்காததுபோலப் போய்க்கொண்டிருக்கும். அவசரமில்லாமல் செதுக்கியவர்களுக்கே இது வாய்க்கும்.

காணாமல் போனது குழுவுக்கு நஷ்டமும் இல்லை. 2009 ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் 23ஆம் இடம். 2022 ஆல்பம் அங்கே 2ஆம் இடம், ஜெர்மனியில் முதலிடம்.

ஒரு நாற்காலி மட்டும் காலி, எட்வினுடையது. ஆல்பத்தில் பாஸ் முழுக்க வில்சனே. 2022 கச்சேரிகளில் நேட் நவாரோ. பழைய ரசிகர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு, எனக்கும்தான். எட்வினின் வாசிப்பில் ஒரு நிதானம் இருந்தது. பாட்டின் அடியில் அவர் இருப்பதே தெரியாது, எடுத்துவிட்டால் தெரியும். ஆனால் அவர் இருந்திருந்தால் அன்று வில்சன் பாஸைத் தொட்டிருக்கவே மாட்டார், 'ஹாரிடன்' இந்த முறுக்கோடு வந்திருக்காது.