பழைய டிராக்டரா? அது செய்த வேலையை முதலில் கேளுங்கள்

மங்கலம் வட்டாரத்தில் ஏர் பூட்டி உழுகிற காட்சி அரிதாகிவிட்டது. திருப்பூருக்கு மேற்கே நொய்யல் கரையை ஒட்டிய இந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும், காலையில் கம்பெனி வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. மீதிப் பேர் விசைத்தறிக்குப் போகிறார்கள். தோட்டத்து வேலைக்கு ஆள் கேட்டால், “ஞாயிற்றுக்கிழமை வரட்டுங்களா?” என்பதே பதில். மழை ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பதில்லை.

ஆகவே தென்னையும் வாழையும் மாட்டுக்குச் சோளமும் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கும் சொந்தமாக ஒரு டிராக்டர் வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நாற்பது, நாற்பத்தைந்து குதிரை சக்தி கொண்ட புது வண்டிக்குப் பல லட்சம் ரூபாய் வேண்டும். கலப்பை, ரோட்டவேட்டர், டிரெய்லர் எல்லாம் அதற்கு மேல். எனவே பழைய வண்டியைத் தேடிப் போகிறார்கள்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். ரோட்டவேட்டரில் ஒரு ஏக்கர் ஓட்ட ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். ஐந்து ஏக்கர் தோட்டத்தை ஆண்டில் நான்கு தடவை ஓட்டினாலும் முப்பது மணி நேர வேலைதான். மீதி நாள் முழுவதும் வண்டி கொட்டகையில் நிற்கும். வட்டி மட்டும் நிற்காது. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை மணி வாடகைக்கு விடுகிறது. ‘உழவன்’ செயலி மூலமும் பதிவு செய்யலாம். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்குவதும் உண்டு. அப்படிச் சேர்ந்து வாங்குகிறவர்கள் யார் பெயரில் பதிவு, ரிப்பேர்ச் செலவை யார் தருவது என்பதை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வண்டியோடு உறவும் ரிப்பேராகும்.

இத்தனையும் பார்த்த பிறகும் சொந்த வண்டிதான் வேண்டும் என்போர் மேலே படிக்கலாம்.

எந்த வேலை செய்த வண்டி?

காங்கயம் காளை வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்து வயதைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடக்க விட்டுப் பார்ப்பார், வண்டிக்குப் பழகியதா, ஏருக்குப் பழகியதா என்று கேட்பார். டிராக்டர் வாங்கும்போது இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் மறந்துவிடுகிறார்கள். எந்த வருஷத்து மாடல், எத்தனை மணி ஓடியது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மணி காட்டும் மீட்டரை மாற்றலாம், கழற்றியும் வைக்கலாம். வண்டி செய்த வேலையின் வடுக்களை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது.

திருப்பூரைச் சுற்றி விற்பனைக்கு வரும் டிராக்டர்களில் சில, உழவையே அதிகம் அறியாதவை. தண்ணீர் டேங்கர் இழுத்து வயதானவை. ஐயாயிரம் லிட்டர் டேங்கர் என்றால் தண்ணீர் மட்டும் ஐந்து டன். டிராக்டரின் எடையோ இரண்டு டன் அளவுதான். தன்னைப்போல் இரண்டரை மடங்கு பாரத்தை நிறுத்தி நிறுத்தி இழுத்த வண்டியில் கிளட்சும் பிரேக்கும் முதலில் தேய்ந்திருக்கும். பின் டயரின் கட்டைகள் தார்ச்சாலையில் உரசி மழுங்கியிருக்கும். கொக்கி மாட்டும் துளை வட்டமாக இல்லாமல் நீண்டு போயிருக்கும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கண்டால், “உழவுக்கு மட்டும்தானுங்க ஓட்டினோம்” என்ற பேச்சை நம்ப வேண்டியதில்லை.

கிணறு ஆழப்படுத்தக் கம்ப்ரஸர் ஓட்டிய வண்டி இதற்கு நேர்மாறு. நின்ற இடத்தில் நின்று மணிக்கணக்கில் ஓடியிருக்கும். டயரும் கியரும் புதிது போலத் தெரியும். எஞ்சின் மட்டும் களைத்திருக்கும். பாறைத் தூசு காற்று வடிகட்டியைத் தாண்டி உள்ளே போயிருந்தால் பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்திருக்கும். ரேடியேட்டர் இடுக்குகளில் வெள்ளைத் தூசு படிந்திருந்தால் அதுவும் ஒரு தடயம்.

நெல் வயல் சேற்றில் உழன்று இந்தப் பக்கம் வரும் வண்டிகளும் உண்டு. அவற்றில் பின் அச்சு சீல், பிரேக் உள்பாகம், மட்கார்டின் அடித்தகடு ஆகியவற்றில் துரு ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். மேலே அடித்திருக்கும் புதுப் பெயின்ட் பார்ப்பதற்கு மட்டும்தான்.

ரோட்டவேட்டர் மட்டும் ஓட்டிய தோட்டத்து வண்டியே நம் தேவைக்கு ஏற்றது. அதிலும் பி.டி.ஓ. ஷாஃப்டின் பற்கள், தூக்கும் கைகளின் பின்கள் தேய்ந்திருக்கும். ஆனால் இவை மாற்றக்கூடிய சாமான்கள்.

குளிர்ந்த எஞ்சினைக் கேளுங்கள்

வண்டி பார்க்க அதிகாலையில், சொல்லாமல் போவது நல்லது. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், வாங்க வருகிறவருக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் உண்மை தெரியும். ரேடியேட்டர் மூடியையும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் குச்சியில் ஆயில் பால்போல் வெளுத்திருந்தாலோ இரண்டும் உள்ளே கலக்கின்றன. அந்த வண்டியை விட்டுவிடுவதே நலம்.

புகையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சின் சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரீபோர் செலவு காத்திருக்கிறது. கறுப்புப் புகை சில வேளை வடிகட்டி அடைப்பாகவோ, டீசல் செலுத்தும் பாகத்தின் கோளாறாகவோ இருக்கும். அதற்காக மட்டும் நல்ல வண்டியைத் தள்ள வேண்டாம்.

ஹைட்ராலிக்கைச் சோதிக்கப் பெரிய மெக்கானிக் தேவையில்லை. ரோட்டவேட்டரை மாட்டி உயர்த்தி, எஞ்சினை நிறுத்திவிட்டு, எட்ட நின்று ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம். அதற்குள் அது தரையைத் தொட்டிருந்தால் உள்ளே கசிவு இருக்கிறது. தூக்கிய கருவிக்கு அடியில் தலையை நீட்டிப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். சரியாகப் பிடிக்காத ஹைட்ராலிக் எந்த நொடியிலும் இறங்கும். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்தால் கிங்பின், பேரிங் தேய்மானம் தெரியும். எல்லா கியரிலும் ஓட்ட வேண்டும். மேட்டில் ஏற்றி நிறுத்தி பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின் டயர் மாற்றும் செலவு பெரிது. அதை விலை பேசும்போதே கழித்துக்கொள்ள வேண்டும்.

உதிரிச் சாமான் கிடைக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரு காலத்தில் பேர்போன எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூடிவிட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உழைத்த வண்டிதான் அது; சந்தேகமில்லை. ஆனால் நடவு நேரத்தில் ஒரு சின்னச் சாமானுக்காக ஊர் ஊராக அலைய வேண்டியிருந்தால் மலிவாக வாங்கியதில் என்ன லாபம்?

ஆர்.சி. புத்தகம் யார் பெயரில்?

சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடி இருக்கின்றனவா என்று காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துச் சரிபார்க்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் ஆர்.சி.யில் அந்த நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். “கட்டி முடித்தாகிவிட்டது” என்ற வாய்ச்சொல் போதாது. நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-உம், தடையில்லாச் சான்றும் கைக்கு வந்த பிறகே முழுப் பணம் தர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேறு மாநில வண்டியானால் அங்கிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு; அதைப் பலர் கேட்பதே இல்லை. பதினைந்து ஆண்டு கடந்த வண்டியானால் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

விற்கிறவருக்கும் இதில் அக்கறை வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாலு கை மாறியும் பெயர் மாறாத டிராக்டர் எங்காவது யார் மேலாவது மோதினால், அதை எப்போதோ விற்றுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்குத்தான் நோட்டீஸ் வரும்.

கிணற்று ஓரம்

வண்டி நல்லதாக அமைந்துவிட்டால் மட்டும் போதாது. கொங்கு நாட்டுத் தோட்டங்களுக்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது. பாறையை வெட்டி இறக்கிய அகன்ற கிணறு; பல இடங்களில் சுற்றுச்சுவர் கிடையாது. வரப்போரம் வரை உழுதுவிட வேண்டும் என்ற ஆசையில் கிணற்றை நோக்கிப் பின்னால் எடுப்பதும், மழையில் ஊறிய கிணற்று மேட்டில் சக்கரத்தை ஏற்றுவதும் உயிரோடு விளையாடுவதாகும். கரை மண் இரண்டு டன் பாரத்தைத் தாங்காது. வறண்டோ, தண்ணீர் உப்பேறியோ கைவிடப்பட்ட கிணறுகள் இன்னும் மோசம். சீமைக் கருவேல் மூடி, கிணறு இருப்பதே தெரியாது. வாடகைக்கு வரும் வெளியூர் ஓட்டுநருக்கு அதைக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்வது தோட்டத்துக்காரரின் கடமை. சுவர் கட்ட வசதியில்லாதவர்கள், சக்கரம் தட்டி நிற்கும்படி கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு மண் வரப்பாவது போட வேண்டும். அந்த இரண்டு சால் நிலத்தை உழாமல் விட்டால் விளைச்சல் குறைந்துவிடாது.

அடுத்தது, வேர் பிடுங்குவது. பட்டுப்போன தென்னையின் அடிக்கட்டையைச் சங்கிலி கட்டி இழுக்கும்போது, சங்கிலியை டாப் லிங்க் மாட்டும் உயரத்தில் கட்டுகிறார்கள். கட்டை அசையாது, பின் சக்கரமும் நகராது, முன் பக்கம்தான் தூக்கும். ஒன்றிரண்டு நொடிக்குள் வண்டி ஓட்டுநர் மேல் மல்லாந்துவிடும். கிளட்சை மிதிக்கக்கூட நேரமிராது. இழுக்கும் எதையும் கீழேயுள்ள இழுவைச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும்.

கவிழும் வண்டியிலிருந்து ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவை 1959-இலேயே ஸ்வீடன் நாடு புது டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கியது. பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது ஏறத்தாழ நின்றேவிட்டது. ஆஸ்திரேலியப் பண்ணைகளில் ஓட்டும் நாலு சக்கர மோட்டார் பைக்குகள் கவிழ்ந்து பலர் மாண்டதால், 2021 அக்டோபர் முதல் அங்கே விற்கும் புதிய பண்ணை வண்டிகளுக்கும் இத்தகைய பாதுகாப்பு கட்டாயம். நம்மிடம் வரும் பழைய டிராக்டர்களில் பெரும்பாலும் அது இல்லை. லேத் பட்டறையில் வெல்டிங் வைத்த வெயில் கூரை அதற்கு மாற்றாகாது. கவிழ்ந்தால் அது காகிதம்போல் மடங்கும். கம்பெனி செய்து, சோதித்த வளைவு அந்த மாடலுக்குக் கிடைத்தால் வாங்கிப் பொருத்தி, சீட் பெல்ட்டையும் போட வேண்டும். வளைவு இல்லாத வண்டியில் பெல்ட் போடக்கூடாது.

பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது, நொடிக்கு ஒன்பது. துண்டோ, முந்தானையோ சிக்கினால் “ஐயோ” என்பதற்குள் முடிந்துவிடும். பழைய வண்டிகளில் ஷாஃப்டின் மேல்மூடி காணாமல் போயிருக்கும். வாங்கிய அன்றே புதிது போட வேண்டும். அதன் விலை பெரிதல்ல. ரோட்டவேட்டரில் சிக்கிய கொடியை எடுக்க, எஞ்சினை நிறுத்திச் சாவியையும் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

சாலையில் போகும்போது இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் கொண்டியால் இணைக்க வேண்டும். இணைக்காமல் ஒன்றை மட்டும் வேகத்தில் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். அந்தக் கொண்டியும் பழைய வண்டியில் தொலைந்து போயிருப்பது வழக்கம். டிரெய்லரின் பின்னால் சிவப்பு விளக்கும் ஒளிரும் பட்டையும் வேண்டும். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வேன்களும் மொபெட்டுகளும் விரைகிற அந்தி நேரத்தில், விளக்கில்லாத டிரெய்லர் மங்கலம் சாலையில் நின்றால் பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

மட்கார்டின் மேல் பேரனை உட்கார வைத்துத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டும் தாத்தாக்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒரு வரப்பு ஏறி இறங்கும் குலுக்கலில் குழந்தை விழும் இடம், பின் சக்கரத்துக்கு முன்னால். டிராக்டரில் இருப்பது ஓட்டுநருக்கான ஒரே ஒரு இருக்கைதான். களையெடுக்க வரும் பெண்களை டிரெய்லரில் நிறுத்தி ஏற்றி வருவதற்கு இன்சூரன்ஸும் துணை நிற்காது. இரவில் வண்டியை நிறுத்தும்போது கருவியைத் தரையில் இறக்கி, கியரில் போட்டு, கை பிரேக் பூட்டி, சாவியைச் சிறுவர்களுக்கு எட்டாத ஆணியில் மாட்ட வேண்டும்.