தரையிறங்கப் பழகுதல்

அறுபது வயதைக் கடந்து ஓய்வூதியம் பெறும் ஆசிரியன் ஒருவன் போர் விமானம் ஓட்டப் பழகுகிறேன் என்றால் கேட்போர் நகைப்பர். என் இல்லாளும் நகைத்தாள். நான் ஓட்டும் விமானம் மேசைமீதுள்ள கணினிக்குள்ளேதான் பறக்கிறது. 'டி.சி.எஸ். வேர்ல்ட்' எனப்படும் போர் விமானச் சிமுலேட்டரைப் பேரன் விடுமுறையில் வந்து நிறுவிக் கொடுத்தான். கைக்கொரு பிடிகோலும் காலுக்கு இரு மிதிகளும் அவனே கொண்டுவந்தான்.

"அம்மப்பா, இது மற்ற விளையாட்டுகள் மாதிரி இல்லை. எஞ்சினை இயக்கவே படிக்க வேணும்" என்று எச்சரித்தும் சென்றான்.

இம்முதுமையில் எனக்கு இந்த ஆசை ஏன்? 1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தேன். விமான இரைச்சல் கேட்டதும் சுண்ணக்கட்டியைப் போட்டுவிட்டு மாணவரைப் பதுங்கு குழிக்குள் இறக்குவது அந்நாளிலே பாடவேளையின் ஓர் அங்கம். குழிக்குள் குந்தியிருந்த சிறுவன் ஒருவன், "சேர், மேலை இருக்கிறவருக்கு எங்களைத் தெரியுமோ?" என்று கேட்டான். விடை எனக்குத் தெரியவில்லை. அவ்வினா முப்பத்தைந்து ஆண்டுகளாக என்னோடு வாழ்ந்து வருகிறது.

தரையில் இருந்தபடியே பறக்கப் பழகும் கலை புதியதன்று. அமெரிக்காவின் பிங்காம்டன் நகரிலே இசைப்பெட்டித் தொழிற்சாலை உடையவரின் மகனான எட்வின் லிங்க் என்பார், ஓர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே அசைந்தாடும் பயிற்சிப் பெட்டியொன்றை 1929 அளவில் அமைத்தார். முதலில் அது கேளிக்கைப் பொருளாகவே கருதப்பட்டது. 1934 இல் அஞ்சல் சுமந்த இராணுவ விமானிகள் பலர் மூடுபனியிலும் புயலிலும் சிக்கி மாண்ட பின்னரே அந்நாட்டு இராணுவம் அவற்றுள் ஆறினை வாங்கிற்று. விளையாட்டுக்கும் உயிருக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

நான் தொடங்கியது இரண்டாம் உலகப் போர்க்காலத்து மஸ்டாங் விமானத்தின் பயிற்சி வடிவமான டி.எப். 51 இல். அதிலே துப்பாக்கி கிடையாது. தலையணி கேட்பொறியில் அதன் இயந்திரம் முதன்முதலாக முழங்கியபோது என் உள்ளங்கைகள் வியர்த்தன. தோள்கள் தாமாகவே குறுகின. பழைய செவி மறக்கவில்லை.

இவ்விமானத்தின் மூன்றாவது சில்லு வாலடியில் உள்ளது. ஆகவே தரையில் மூக்கு வானை நோக்கி நிற்கும். முன்னுள்ள பாதை தெரியாது. பாம்பு போல வளைந்து வளைந்து ஊர்ந்தே ஓடுபாதையை அடைதல் வேண்டும். விசைநெம்பை முன்னே தள்ளினேன். விமானம் இடப்புறம் பாய்ந்து புல்வெளியிலே குப்புற வீழ்ந்தது. சுழல்விசிறி வலஞ்சுழியாகச் சுற்ற, உடல் இடப்புறம் திரும்ப முயல்கிறது. தாக்கத்துக்குச் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். அவ்விதி என்னைத் தூக்கி எறிந்த அன்றே அதனை மெய்யாகக் கற்றேன். சுக்கானின் திருத்தற் சக்கரத்தை வலப்பக்கம் 6 பாகையில் வைத்து, விசையை மெல்லமெல்லக் கூட்டி, வலக்காலால் மிதியை அழுத்திக்கொண்டே ஓடினால்தான் அது நேராக எழும்.

எழுவது எளிது, இறங்குவதே கல்வி. வேகம் மணிக்கு 170 மைலுக்குக் குறைந்தபின் சில்லுகளை இறக்க வேண்டும். பின்பு சிறகின் பின்விளிம்பிலுள்ள மடல்களைத் தாழ்த்த வேண்டும். ஏறத்தாழ 120 மைலில் ஓடுபாதையின் விளிம்பைக் கடக்க வேண்டும். பிழையொன்றைக் கண்டு கை பதறித் திருத்தினால் அத்திருத்தமே அடுத்த பிழையாகும். கருங்கடல் ஓரத்திலுள்ள பற்றூமி நகரின் விமானத்தளத்தில் எத்தனையோ முறை மோதினேன், துள்ளினேன், தீப்பற்றினேன். பன்னிரண்டாம் நாள் மாலை சில்லுகள் மெதுவாகத் தரையைத் தொட்டன. அறையில் நான் ஒருவனே இருந்தும் எழுந்து நின்று கைகொட்டினேன்.

பின்னரே போர்ப் பயிற்சி. அதற்கென எஸ்.யூ. 25 டி என்ற ரஷ்யத் தாக்குதல் விமானத்தைத் தேர்ந்தேன். கருவிப்பலகையிலே சிறிய தொலைக்காட்சித் திரையொன்று உண்டு. தொலைவிலுள்ள இலக்கைப் பெருப்பித்துக் காட்டுவது அது. அதிலே ஒரு சாம்பல்நிறக் கட்டம் தோன்றிற்று. வாகனமாம். அதன்மேல் குறியைப் பதித்து விசையை அழுத்தினேன். ஏவுகணை சென்றது. சற்று நேரத்தின்பின் பஞ்சுப்பொதி போன்ற சிறு புகை எழுந்தது. ஓசை எதுவும் இல்லை. என் இயந்திரத்தின் சீரான இரைச்சல் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது.

திரையில் இருந்தது வெறும் ஓவியம் என்பதை அறிவேன். ஆயினும் என் கை பிடிகோலை விட்டு விலகிவிட்டது. அச்சிறுவனுக்கான விடை அங்கே இருந்தது. மேலே இருப்பவனுக்கு வேகமானியும் உயரமானியும் எரிபொருளின் அளவும் தெரியும். கூரை ஒரு கட்டமாகத் தெரியும். குழி தெரியாது. குழிக்குள் குந்தியிருக்கும் பிள்ளையின் முகம் தெரியவே தெரியாது. இவ்விடை எனக்கு ஆறுதல் தரவில்லை. காணாமலே கொல்லலாம் என்பது கண்டு கொல்வதிலும் அச்சம் தருவது.

இன்னொன்றையும் பின்னர் அறிந்தேன். அன்று எம் தலைக்குமேல் வட்டமிட்டவற்றுள் ஒன்று, நம்மவர் 'சியாமாசெட்டி' என்றழைத்த இத்தாலிய விமானம். அது முதன்முதல் பறந்தது 1964 இல். விமானமோட்டப் பழகுவோருக்கும் ஏற்றதாக அமைந்த சிறு விமானம் அது. என்னைப் போன்ற கற்றுக்குட்டிகள் ஏறவேண்டிய விமானத்திலே குண்டு கட்டினார்கள். நான் பழகிய மஸ்டாங்கோ போருக்கெனப் பிறந்து, துப்பாக்கி களையப்பட்டுப் பயிற்சிக்கு வந்தது. உலோகத்துக்குக் குலமும் இல்லை, குணமும் இல்லை. அதற்கு என்ன பூட்டுவது என்று தீர்மானிப்பவன் மனிதனே.

பேரன் தொலைபேசியில், "அம்மப்பா, எத்தனை விமானம் விழுத்தினீங்கள்?" என்று கேட்டான்.

"என்ரையைத்தான் மோனே, முப்பதுக்கு மேலை" என்றேன்.

துப்பாக்கியற்ற அவ்விமானத்தையே இப்பொழுது மாலைதோறும் ஓட்டுகிறேன். நேற்றுப் பிற்பகல் பலாலிக்குப் பயணிகள் விமானம் ஒன்று தாழ்ந்து வந்தது. முன்னாளாயின் என் உடல் சுவரோடு ஒடுங்கியிருக்கும். நேற்றோ முற்றத்திலே நின்று அண்ணாந்து பார்த்தேன். சில்லுகள் இறங்கியிருந்தன. அவ்விமானி மெல்லத் தரைதொட வேண்டுமே என்று என் வலக்கால் தானாக மண்ணை அழுத்திற்று.