தென்காசியில் ஒரு குட்டிக் கடல்: பவளத் தொட்டியின் நைட்ரேட்டைக் குறைக்கும் பாசி!

தென்காசி வட்டாரக் குளங்களில் ஆகாயத்தாமரையைப் பார்த்திருப்பீர்கள். சில குளங்களில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியாது. வயலுக்குப் போட்ட யூரியா, டி.ஏ.பி., ஊர்ச் சாக்கடை எல்லாம் குளத்தில் வந்து சேர்கின்றன. அந்தச் செடிக்கு அது விருந்துச் சாப்பாடு. உங்கள் வீட்டு ஹாலில் நீங்கள் ஆசையாக வைத்திருக்கும் பவளத் தொட்டியிலும் இதேதான் நடக்கிறது. யூரியாவுக்குப் பதில் அங்கே மீன் தீவனம், அவ்ளோதான்.

மீன் தின்றது கழிவாகிறது, தின்னாதது அழுகுகிறது. இரண்டிலிருந்தும் அம்மோனியா வரும். அதை பாக்டீரியா நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். பெரும்பாலான தொட்டிகளில் கதை அதோடு நின்றுவிடும். நைட்ரேட் வெளியேற வழி இல்லாமல் ஏறிக்கொண்டே போகும். கூடவே பாஸ்பேட்டும். சாதாரண ஃபில்டர் தூசி தும்பைப் பிடிக்கும். தண்ணீரில் கரைந்துவிட்ட இந்த இரண்டையும் பிடிக்காது. 'நீமோ' மீன் இதை ஓரளவு தாங்கும். பவளம் தாங்காது. நிறம் பழுப்படிக்கும், வளர்ச்சி குறையும், மேலே முடிப்பாசி படரும்.

'தண்ணியை மாத்தினா போச்சு' என்பீர்கள். ஒரு கணக்கு போடலாம். 200 லிட்டர் தொட்டி, நைட்ரேட் 40 பி.பி.எம். அதில் 20 சதவிகிதம், அதாவது 40 லிட்டர் மாற்றினால் நைட்ரேட் 32-க்குத்தான் இறங்கும். அந்த 40 லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ செயற்கைக் கடலுப்பு வேண்டும். தூத்துக்குடிக் கடல் இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். கேனைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் ஓட முடியாது.

'குற்றாலத் தண்ணி சுத்தமாச்சே, அதுல உப்பு கலக்கலாமே?' என்றும் சிலருக்குத் தோன்றும். வேண்டாம். காட்டு இலைதழை ஊறி வரும் தண்ணீர் அது. அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் தேய்த்துக் குளிக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போடும் அளவுக்கு நாம் வேறு அதில் கலந்து வைத்திருக்கிறோம். ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி.

இங்கேதான் பெரும்பாசி கைகொடுக்கிறது. கண்ணாடியில் வழுக்கும் பாசி இல்லை இது. கையில் அள்ளி எடுக்கக்கூடிய கடற்பாசி. வளர்வதற்காக அது அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட்டை உறிஞ்சித் தன் உடம்பாக மாற்றிக்கொள்கிறது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஏடி, 1980 வாக்கிலேயே பவளத் தொட்டித் தண்ணீரைப் பாசித் தட்டுகள் மேல் ஓடவிட்டுச் சுத்தம் செய்தவர். நம் பக்கமும் உதாரணம் உண்டு. மண்டபம் அருகே முனைக்காட்டில் கடலுக்குள் கூண்டு போட்டுக் கடல் விரால் மீன் வளர்க்கிறார்கள். அந்தக் கூண்டுகளுக்குப் பக்கத்திலேயே கடற்பாசி மிதவைகளைக் கட்டும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் செய்து காட்டியது. மீன் கழிவு, பாசிக்கு உரம்.

வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது கீட்டோமார்ஃபா. சிக்கலாகிப்போன பச்சை நைலான் நரம்பு மாதிரி இருக்கும். வேர் விட்டுப் பாறையைப் பிடிக்காது. கடல் திராட்சை எனப்படும் காலர்ப்பா பார்க்க அழகு, வேகமாகவும் வளரும். ஆனால், அது திடீரென இனப்பெருக்கத்துக்குத் தயாராகி, ஒரே இரவில் வெளிறிக் கரைந்துபோவதுண்டு. மாதக்கணக்கில் உறிஞ்சியதைத் தண்ணீரிலேயே கொட்டிவிடும். முதல் தொட்டி என்றால் அதைத் தொடாதீர்கள்.

தொட்டிக்குக் கீழே வைக்கும் சம்ப்பில் ஓர் அறையை இதற்கு ஒதுக்குங்கள். சிவப்பு ஒளி தூக்கலாக உள்ள செடி வளர்ப்பு எல்.இ.டி., பாசி மெதுவாகப் புரளும் அளவுக்கு நீரோட்டம், இவை போதும். மேல் தொட்டியின் விளக்கு அணைந்த பிறகு, இரவில் இந்த விளக்கை எரியவிடுவது நல்லது. இருட்டில் எல்லா உயிர்களும் கார்பன் டை ஆக்ஸைடை விடுவதால் பிஹெச் இறங்கும். ஒளி கிடைக்கும் பாசி அதை இழுத்துக்கொண்டு சமன் செய்யும். கரன்ட் போய்விட்டால் நிலைமை தலைகீழ். இருட்டில் பாசியும் ஆக்ஸிஜனை எடுக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும்.

முக்கியமான வேலை, அறுவடை. பத்து நாளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். நைட்ரேட் தொட்டியை விட்டு நிஜமாக வெளியேறுவது அப்போதுதான். எடுக்காமல் விட்டால் நடுவில் ஒளி படாமல் அழுகும். குளத்தில் ஆகாயத்தாமரை மட்கினால் என்ன நாற்றம் வரும் என்று தெரியும்தானே?

சரி, நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கிவிடலாமா? கூடாது. பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிகளுக்கும் கொஞ்சம் சத்து வேண்டும். ஒரேயடியாகக் காலியானால் பவளம் வெளிறும், வழவழப்பான பழுப்பு டைனோ படலம் வந்து ஒட்டும், கீட்டோவே வெள்ளையாகி உதிரும். நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் நிம்மதி. இன்னொரு விஷயம். கடற்பாசிகளின் உடலில் ஒரு பங்கு பாஸ்பரஸுக்குச் சுமார் 30 பங்கு நைட்ரஜன் இருப்பதாக 1983-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. இது அணுக்களின் எண்ணிக்கைக் கணக்கு. அதனால் நைட்ரேட் சரசரவென இறங்கினாலும் பாஸ்பேட் அடம்பிடிக்கலாம். அதற்கு இரும்பு ஆக்ஸைடு ஃபில்டரைக் கொஞ்சமாகப் பயன்படுத்தலாம். தினமும் கைநிறையத் தீவனம் போடும் பழக்கத்தை விடுவது அதைவிட மலிவு!

'தூத்துக்குடியில் இருந்து லைவ் ராக், பவளம் எடுத்துத் தர்றேன்' என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். பாறை கட்டும் கல் பவளங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அபராதத்தோடு முடியாது, சிறையும் உண்டு.

அறுவடை செய்த பாசியைத் திரும்ப மீனுக்கே போட்டால் சத்து மறுபடி தொட்டிக்குத்தான் போகும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, உப்பு போனதும் தென்னை மூட்டில் போடுங்கள். தூத்துக்குடி, ராமேஸ்வரம் போகும்போது கடலில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வளர்ப்புக்காக வெளியிலிருந்து வந்து, 'பெப்சி பாசி' என்று ஊர்ப்பெயர் வாங்கிய கப்பாஃபைகஸ், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்கள் மேலேயே படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008-ல் பதிவு செய்தார்கள்.