லத்திக்கு எந்தப் பக்கம்?

அன்று போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிப்பதே குடும்பத்துக்கு இழுக்கு. நகை திருட்டுப் போனால்கூட, கட்சிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். பாரா நிற்பவரைத் தாண்டி ரைட்டரின் மேசைவரை போய்ச் சேர ஒரு துணை வேண்டும். அந்தத் துணை சிபாரிசுக்காரராக இல்லாமல் பக்கத்துத் தெரு வாத்தியாராகவோ கல்லூரி மாணவராகவோ இருந்தால் என்ன?

1993இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' திட்டத்தின் உயிர் அதில்தான் இருந்தது. அடுத்த ஆண்டே திட்டம் மாநிலம் முழுவதும் பரவியது. சேர்ந்த தன்னார்வலர்களுக்குச் சம்பளம் இல்லை, கைது செய்யும் அதிகாரமும் இல்லை. அதிகாரம் இல்லாததுதான் அவர்களுக்கு மரியாதையாக இருந்தது என்பேன்.

பிறகு என்ன ஆயிற்று? ஸ்டேஷனில் ஆள் போதவில்லை. இரவு ரோந்துக்கு ஒரு கை, வாகனச் சோதனைக்கு ஒரு கை, திருவிழாவுக்கு நாலு கை. ஒருநாள் பந்தோபஸ்துக்குக் கூப்பிட்டவர்களை மறுநாளும் கூப்பிட்டார்கள். சீருடைக் கனவோடு வந்த இளைஞருக்கும் அது பிடித்திருந்தது. மக்கள் பக்கம் நிற்க வந்தவர் மெல்ல லத்திக்குப் பின்னால் போய் நின்றார். 2020 ஊரடங்கில் பைக்கை மறித்து 'எங்கே போறே?' என்று அதட்டியவர் போலீஸா, நண்பரா என்று பலருக்கும் தெரியவில்லை.

அந்த ஜூனில் சாத்தான்குளம். போலீஸ் காவலில் அடிபட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். தன்னார்வலர்களுக்கும் அதில் பங்குண்டு என்று குற்றச்சாட்டு எழுந்தது. பின்னால் சி.பி.ஐ. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இருந்தவர்கள் போலீஸார்தான். ஆனால் அதற்கு முன்பே, ஜூலையில், அரசு அமைப்பையே தடை செய்துவிட்டது. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர்களை அங்கே நிறுத்தி வேலை வாங்கியது யார் என்ற கேள்வி தடையோடு அடங்கிப்போனது.

இன்று பல ஸ்டேஷன்களில் வரவேற்பாளர் மேசை இருக்கிறது. இணையத்திலும் புகார் கொடுக்கலாம். இருந்தாலும் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வர வேண்டுமென்றால், தெரிந்த ஆளுக்குப் போன் போடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அந்தத் தடைக்குப் பிறகு காக்கியோடு மிஞ்சிய தன்னார்வலர் ஊர்க்காவல் படைக்காரர். சீனப் போரை அடுத்து, 1963இல் சட்டம் போட்டு அமைத்த படை அது. பயிற்சி உண்டு, பெயர்ப் பதிவு உண்டு, தப்பு செய்தால் பதில் சொல்லவும் வேண்டும். படியில் மட்டும் கணக்கு வேறு: நாளுக்கு 560 ரூபாய் என்று உயர்த்திய கையோடு மாதத்துக்கு ஐந்து நாள்தான் வேலை என்று குறைத்தார்கள். தேர் இழுக்கும் தெருவிலும் தலைவர்கள் வரும் சாலையிலும் அவர் நிற்கிறார். புகாரோடு வருகிறவரை உள்ளே கூட்டிப்போவது அவருடைய டியூட்டியில் வராது.